பழுது நாடிய அறிஞர்

இரவு நேரம். நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் வண்டி ஒன்று நிற்கின்றது. ஓட்டுபவர் வண்டியினுள் அமர்ந்து சாவியைத் திருப்புகின்றார். எஞ்சின் உயிர்பெற்று முழங்குகின்றது. அடுத்து ஒரு ஸ்விட்சை அசைக்கின்றார். முகப்பு விளக்குகள் ஒளியை வாரி இறைத்து வழியைக் காட்டுகின்றன. நாள்தோறும் காணும் காட்சியாதலின், இதில் வியத்தற்கு ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரண்டு செயல்களும் எளியன அல்ல. எஞ்சினை இயக்குதல் உயிருக்கே இடர் விளைப்பதாய் இருந்தது. விளக்கேற்றுதல் பொறுமையைச் சோதிப்பதாய் இருந்தது. இவ்விரு துன்பங்களையும் ஒருங்கே களைந்தவர் அமெரிக்க நாட்டு அறிஞராகிய சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர். பழுது வெளிப்படும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு என்று உணர்ந்து, பிறக்கும் இடத்தைத் தேடிச் செல்வதையே அவர் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். அவர்தம் வாழ்க்கையில் நாம் பின்பற்றத்தக்கதும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கதும் உண்டு.

கெட்டரிங் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், ஒகையோ மாநிலத்தில், லவுடன்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீடொன்றில் பிறந்தார். தந்தையார் உழவர். பண்ணையில் உழைத்துக்கொண்டே சிறுவர் கல்வி பயின்றார். அவருடைய பேரவா படிப்பு, பேரிடையூறு கண். சிறிது நேரம் நூலை உற்று நோக்கினால் தலை நோகும், கண் எரியும். ஆயினும், அவர் படிப்பைக் கைவிட்டாரில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிற்றூர்ப் பள்ளியொன்றில் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கும் கண்நோய் அவரை விடவில்லை. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது.

மனமுடைந்து வந்த இளைஞருக்குத் தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை கிடைத்தது. குழி தோண்டுதல், கம்பம் நடுதல், கம்பி கட்டுதல் ஆகியவை அவருக்கு வாய்த்த பணிகள். வெயிலிலும் காற்றிலும் உழைத்தமையால் உடல் நலம் பெற்றது, உள்ளமும் தெளிந்தது. அத்தொழில் அவருக்குப் பெரும்பள்ளியாகவும் அமைந்தது. தொலைபேசி ஊமையாகிக் கிடக்கும் வீடு ஓரிடத்தில் இருக்கும்; கம்பி அறுந்த இடமோ பல கல் தொலைவுக்கு அப்பால் இருக்கும். வீட்டில் உள்ள கருவியைத் தட்டிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை. கம்பியைத் தொடர்ந்து நடந்து சென்றாக வேண்டும். இவ்வுண்மை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்த அவருக்கு உடன் பயின்ற நண்பர்கள் பாடங்களைப் படித்துக் காட்டினர். அவர் கேட்டுக் கேட்டுக் கற்றார். 1904ஆம் ஆண்டில், தம் இருபத்தேழாம் வயதில், மின்பொறியியலில் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவுடன், டேட்டன் நகரில் கடைகளுக்குரிய பணப்பதிவுப் பொறிகளைச் செய்துவந்த நிறுவனம் ஒன்றில் கெட்டரிங் பணியேற்றார். அக்காலத்துப் பணப்பதிவுப் பொறியைக் கைப்பிடியால் சுற்றியே இயக்கினர். அதனை மின்சாரத்தால் இயங்கச் செய்தல் வேண்டும் என்று நிறுவனத்தார் விரும்பினர். பொறியோ சிறியது, அதனுள் பெரிய மின்மோட்டாரை வைக்க இடம் இல்லை. கெட்டரிங் ஒன்றை எண்ணிப் பார்த்தார். இப்பொறி நாள் முழுதும் ஓயாது ஓடுவதன்று. ஒரு நொடி ஓடிப் பின்னர் ஓய்வது. இடைவிடாது சுமையிழுக்கும் மோட்டார் பெரியதாக இருத்தல் வேண்டும். ஒரு கணம் மட்டும் உந்தித் தள்ளும் மோட்டாரோ சிறியதாக இருப்பினும் போதும். இவ்வெண்ணம் பலித்தது. 1906ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் பணப்பதிவுப் பொறி உருவாயிற்று. பிற்காலத்தில் அவர் அடைந்த பெரும்புகழுக்கு இச்சிறு மோட்டாரே வித்தாயிற்று.

அந்நாளில் மோட்டார் வண்டி ஓட்டுவோர் பட்ட பாட்டைச் சிறிது காண்போம். எஞ்சினை இயக்க வேண்டுமாயின், வண்டியின் முன்புறம் நின்று, வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி, முழு வலிமையோடு சுற்ற வேண்டும். எஞ்சின் சிலபோது எதிர்ப்புறம் உதைத்துத் திரும்பும். அவ்வுதையால் கை முறிந்தோர் பலர்; தாடை உடைந்தோரும் உண்டு. வலிமை குறைந்தோரும் முதியோரும் தாமே தனித்து வண்டி ஓட்டுதல் அரிதாயிற்று. மகளிரும் வண்டியோட்டத் தயங்கினர்.

விளக்குகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பக்க விளக்குகளும் பின்விளக்கும் மண்ணெண்ணெயால் எரிந்தன. முகப்பு விளக்குகளுக்கு அசெட்டிலீன் வாயு பயன்பட்டது. கால்சியம் கார்பைடு என்னும் கல்போன்ற பொருளின்மேல் நீர் சொட்டச் சொட்ட அவ்வாயு எழும். ஓட்டுபவர் இறங்கிச் சென்று, வாயுவைத் திறந்து, தீக்குச்சி கிழித்து ஒவ்வொரு விளக்காக ஏற்றுதல் வேண்டும். காற்று அடித்தால் அணையும். கடுங்குளிரில் நீர் உறையும். எரிந்து முடிந்தபின் எஞ்சிய வெண்சுண்ணத்தைச் சுரண்டிக் களைய வேண்டும். மின்விளக்குகளைப் பொருத்திப் பார்த்தோரும் இருந்தனர். ஆனால், பழைய பல்புகளில் இருந்த கரியிழை வண்டியின் அதிர்ச்சியைத் தாங்காது அறுந்தது. வண்டியில் வைத்த பாட்டரியும் சில மணி நேரத்தில் வலிவிழந்தது. அதற்கு மீண்டும் மின்சாரம் ஊட்டும் வழி வண்டியிலேயே அமையவில்லை.

கெட்டரிங்கின் நண்பர் எட்வர்டு டீட்ஸ் என்பவர். அவர் வீட்டின் பின்புறம் இருந்த கொட்டிலில் நண்பர் சிலர் மாலை நேரங்களில் கூடி மோட்டார் வண்டிகளை ஆராயலாயினர். இவர்களைக் கொட்டில் கூட்டத்தார் என்றே மக்கள் அழைத்தனர். பகலெல்லாம் நிறுவனத்தில் உழைப்பு. இரவில் கொட்டிலில் ஆராய்ச்சி. முதலில் எஞ்சினுக்குத் தீப்பொறி ஊட்டும் மின்னமைப்பைச் செம்மைப்படுத்தினர். காடிலாக் வண்டி நிறுவனத்தின் தலைவராகிய ஹென்றி லேலண்டு அவ்வமைப்பை ஏற்று ஆயிரக்கணக்கில் வாங்க இசைந்தார். அதனால் துணிவு பெற்ற நண்பர்கள் 1909ஆம் ஆண்டில் டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர்.

லேலண்டின் நண்பர் ஒருவர், வழியில் நின்றுபோன பெண்மணி ஒருவரின் வண்டிக்குக் கைப்பிடி சுற்ற முற்பட்டு, அஃது உதைத்த காயத்தால் நோயுற்று இறந்தார் என்றும், அத்துயரே கைப்பிடியை ஒழிக்க வேண்டும் என்னும் உறுதியை லேலண்டுக்கு ஊட்டிற்று என்றும் கூறுவர். அவர் இவ்வேட்கையைக் கெட்டரிங்கிடம் தெரிவித்தார். எஞ்சினைச் சுழற்றத்தக்க மின்மோட்டார் எஞ்சினைப்போலவே பெரியதாக இருக்கும். அதற்கேற்ற பாட்டரியை வண்டி சுமக்க இயலாது என்று கற்றோர் பலர் கருதிய காலம் அது. கெட்டரிங்கோ பணப்பதிவுப் பொறியை நினைந்தார். எஞ்சினைச் சுழற்றுவதும் சில நொடி வேலையே. அச்சில நொடியில் சிறு மோட்டார் தன் அளவுக்கு மிஞ்சிய சுமையைத் தாங்கினால் போதும். சூடேறுமுன் அதன் பணி முடிந்துவிடும்.

இவ்வெண்ணத்தோடு அவர் நின்றாரில்லை. மின்சாரம் ஊட்டினால் மோட்டார் சுழலும். மோட்டாரை வேறொன்று சுழற்றினால் அதுவே மின்சாரத்தைத் தரும். எனவே, எஞ்சினை எழுப்பிய அதே பொறியை, எழுந்த எஞ்சின் சுழற்றுமாறு அமைத்தார். கடனாகக் கொடுத்த மின்சாரத்தை எஞ்சின் வட்டியும் முதலுமாகப் பாட்டரிக்குத் திருப்பித் தந்தது. எஞ்சினை இயக்குதல், அதற்குத் தீப்பொறி தருதல், விளக்குகளை எரித்தல் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பில் அடங்கின. பாட்டரியின் பிரிவுகள் எஞ்சினை எழுப்பும்போது ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 24 வோல்ட் வலிமை தந்தன. விளக்கெரிக்கும்போது அருகருகே இணைந்து 6 வோல்ட் தந்தன. 1910ஆம் ஆண்டில் அறிஞர் கூலிட்ஜ் டங்ஸ்டனை நெகிழும் இழையாக இழுக்கும் முறையைக் கண்டிருந்தமையால், அதிர்ச்சி தாங்கும் பல்புகளும் வாய்த்தன. 1911ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இவ்வமைப்புப் பொருந்திய வண்டி லேலண்டிடம் சேர்ந்தது. 1912ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகள் அனைத்தும் கைப்பிடியின் துணை வேண்டாமலே இயங்கின. கார்பைடு விளக்கும் அவற்றினின்று நீங்கிற்று. சில ஆண்டுகளில் பிற வண்டிகளும் இவ்வழியைப் பின்பற்றின. உடல் வலிமையுடையார்க்கே உரியதாய் இருந்த மோட்டார் வண்டி யாவர்க்கும் உரியதாயிற்று.

ஈண்டு, வண்டி விளக்குகளில் பழுது நாடும் முறையை மாணவர்கள் ஒருவாறு தெரிந்துகொள்ளுதல் நன்று. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்சாரம், கம்பி வழியே பியூஸையும் ஸ்விட்சையும் கடந்து, பல்பினை அடைந்து ஒளி தருகின்றது. பின்னர் அது பாட்டரியின் மறுமுனைக்குத் திரும்பியாக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி இல்லை. வண்டியின் இரும்பு உடலே அவ்வழியாகும். இதனை மெக்கானிக்குகள் எர்த் என்பர். விளக்கு எரியாவிடின் பலரும் முதற்கண் பழிப்பது பல்பினையே. பழைய வண்டிகளில் குற்றம் பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. துருவேறிய எர்த் இணைப்பிலோ, களிம்பு பிடித்த செப்பு முனையிலோ மறைந்து கிடக்கும்.

ஒரு விளக்கு மட்டும் எரியாதாயின் அவ்விளக்குக்குச் செல்லும் கிளையைப் பார்த்தல் வேண்டும். எல்லா விளக்குகளும் ஒருங்கே மங்கினால் பாட்டரியையும் அதன் முனைகளையும் பார்த்தல் வேண்டும். ஒரு விளக்கை ஏற்ற, தொடர்பற்ற மற்றொன்று மங்கலாக எரியுமாயின், எர்த் வழி தடைப்பட்டு மின்சாரம் வேறு வழி தேடி அலைகின்றது என்று கொள்ளலாம். பியூஸ் மீண்டும் மீண்டும் உருகுமாயின், எங்கோ கம்பியின் மேலுறை தேய்ந்து இரும்பைத் தொடுகின்றது. அவ்விடத்தைத் தேடாமல் பருத்த பியூஸை இடுபவன், காவற்காரனை நீக்கிவிட்டுக் கள்வனை வீட்டினுள் விடுபவனை ஒப்பான். பின்னர்க் கம்பியே பற்றி எரியும். சிறு சோதனை விளக்கொன்றைக் கையிற்கொண்டு, பாட்டரியிலிருந்து தொடங்கி இணைப்பு இணைப்பாகச் செல்பவனே பழுதைக் காண்பான். மூடுபனி விளக்கு, உள்விளக்கு முதலிய துணை விளக்குகளைப் பின்னாளில் சேர்த்த வண்டிகளில், சேர்த்த இணைப்புகளையே முதலில் ஐயுறுதல் தகும். பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் கைக்கொள்ளும் முறை இதுவே.

கெட்டரிங்கின் பிற்கால ஆராய்ச்சியும் இம்முறையின் விரிவே ஆகும். மின்கம்பம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக, எஞ்சினும் பாட்டரியும் கொண்ட 32 வோல்ட் விளக்கமைப்பை அவருடைய குழுவினர் செய்தனர். மண்ணெண்ணெயால் இயங்கிய அவ்வெஞ்சின் சுத்தியலால் அடித்தாற்போலத் தட்டும் ஓசை எழுப்பிற்று. மோட்டார் வண்டிகளிலும் அவ்வோசை கேட்டது. அதற்குக் கெட்டரிங் அமைத்த மின்தீப்பொறி முறையே காரணம் என்று பலர் பழி கூறினர். அவர் சினந்து மறுத்தாரில்லை, ஆராயத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி என்பவர் எஞ்சினுள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கருவியைக் கொண்டு நோக்கினார். தட்டல் தீப்பொறிக்கு முன்னர் நிகழவில்லை; தீப்பற்றிய பின்னரே நிகழ்ந்தது. குற்றம் மின்னமைப்பில் இல்லை, எரிபொருளில் உள்ளது என்பது தெளிவாயிற்று.

அடுத்து நிகழ்ந்தது சுவையானது. பனியிடையே செந்நிற இலையோடு தழைக்கும் செடியொன்றை எண்ணி, சிவந்த எரிபொருள் வெப்பத்தை விரைந்து ஈர்க்கும் போலும் என்று அவர்கள் கருதினர். கைக்கு எட்டிய சாயம் இல்லாமையால் அயோடினைக் கலந்தனர், தட்டல் தணிந்தது. மகிழ்ந்து அமைந்துவிடாமல் மெய்யான செஞ்சாயங்களையும் கலந்து பார்த்தனர். அவற்றால் பயன் விளையவில்லை. நிறமற்ற அயோடின் சேர்க்கையோ பயன் தந்தது. கருத்துப் பிழை, விளைவு மெய். மீண்டும் சோதித்தமையால் அல்லவோ அப்பிழை வெளிப்பட்டது! பல பொருள்களை ஆராய்ந்த பின், 1921ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஈயம் கலந்த சேர்மம் ஒன்று தட்டலை அறவே போக்குவதைக் கண்டனர். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 3 கன சென்டிமீட்டர் போதுமானதாயிற்று.

இவ்விடத்தே கெட்டரிங்கின் கூரிய பார்வை தடைப்பட்டது. ஈயம் நஞ்சு என்பது பண்டைக் காலந்தொட்டே அறியப்பட்ட செய்தி. சாராயமும் தட்டலைத் தணிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும், ஈயம் மலிவானது, சிறிதளவே போதுவது, உரிமை பெற்று விற்கத்தக்கது. அதனை விற்பதற்காக 1924ஆம் ஆண்டில் அமைந்த நிறுவனத்திற்குக் கெட்டரிங்கே முதல் தலைவரானார். அவ்வாண்டு அக்டோபரில், நியூ ஜெர்சியில் அந்நஞ்சைச் செய்த ஆலையில் தொழிலாளர் ஐவர் அறிவு திரிந்து மாண்டனர். ஆலிஸ் ஹாமில்டன் முதலிய மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தனர். 1925ஆம் ஆண்டில் விற்பனை நிறுத்தப்பெற்று, அரசு கூட்டிய அவையில் இருதிறத்தார் வாதமும் கேட்கப்பெற்றன. கெட்டரிங் ஈயத்தின் பக்கமே நின்றார். மறு ஆண்டில் தடை நீங்கிற்று; ஈயப் பெட்ரோல் உலகெங்கும் பரவிற்று. எஞ்சினுள் எழுந்த ஓசையின் காரணத்தை இடைவிடாது தேடிச் சென்றவர், புகைக்குழல் வழியே வெளியேறிய ஈயம் எங்குச் செல்கின்றது என்பதைத் தேடிச் சென்றாரில்லை.

அவர் வாழ்க்கையில் பிற நற்செயல்கள் பல உண்டு. 1920ஆம் ஆண்டு முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திற்குத் தலைமை தாங்கினார். இரயில் வண்டிகளை இழுக்கும் டீசல் எஞ்சின்கள் செம்மையுறத் துணைநின்றார். புல் ஏன் பச்சையாயிருக்கின்றது, இலை கதிரவன் ஒளியை எங்ஙனம் உணவாக்குகின்றது என்னும் ஆராய்ச்சிக்குப் பொருள் ஈந்தார். 1945ஆம் ஆண்டில் நியூயார்க்கில் புற்றுநோயை ஆராய நிறுவிய கழகம் அவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. டேட்டனை அடுத்த நகரொன்று கெட்டரிங் என்றே பெயர் பெற்றது. 1958ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், தம் எண்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் மறைந்து ஏழாண்டுகள் சென்றபின், கிளேர் பாட்டர்சன் என்னும் அறிஞர், மக்கள் உடலிலும் காற்றிலும் கலந்திருந்த ஈயம் இயற்கையளவினும் பன்மடங்கு மிகுந்தது என்பதை 1965ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதனால் பெரிதும் கேடுற்றவர்கள் சிறுவர்கள்; வளரும் மூளையையே ஈயம் தாக்கிற்று. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் வழக்கொழிந்தது. உலகிலேயே இறுதியாக அல்ஜீரிய நாடு 2021ஆம் ஆண்டில் அதனை நிறுத்திற்று. ஒரு பழுதைப் போக்க இட்ட மருந்தே பெரும்பழுதாகி, அதனை நீக்க நூறாண்டு வேண்டியதாயிற்று.

கண் நலிந்த உழவர் மகன் ஒருவர் உலகத்துச் சாலைகளுக்கு ஒளியூட்டியது போற்றத்தக்கது. அவர் கற்பித்த முறையும் போற்றத்தக்கது. பல்பு எரியாதபோது கம்பியைத் தொடர்ந்து சென்று, எர்த் முனைவரை நோக்குபவனே பழுதைத் தீர்ப்பான். இடையில் நின்றுவிடுபவன் தீர்த்ததாக எண்ணி ஏமாறுவான். மின்சாரத்திற்கு மட்டுமன்று, நாம் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் திரும்பும் வழி ஒன்று உண்டு. அவ்வழியின் முடிவுவரை சென்று நோக்குதல் நம் கடன்.